பெயர்ப்பலகைக்குள் எத்தனை சொல்?

(இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் நடந்த தமிழ்மொழித் தின விழாவில் பேசியது. எழுதிக் கொடுக்கும்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, மழையையும் பார்க்காமல் வந்திருக்கும் பெற்றோரே, பிள்ளைகளே, வணக்கம்.

நான் சின்னவனாக இருந்தபோது பதுளை ரயில் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. தலவாக்கலை ஸ்டேஷனில் அப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். குளிருக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அவர் தூங்கிவிடுவார். எனக்குப் படிக்க அந்தப் பெயர்ப்பலகை மட்டும்தான். த, ல, வா, க், க, லை. ஆறு எழுத்து. இவற்றை வைத்து வேறு என்ன சொல் எழுதலாம்? தலை வந்தது. கலை வந்தது. தக்க வந்தது. ஒரு மணி நேரம் தாமதமான ஒரு நாளில்தான் பெரிய மீன் சிக்கியது. என்ன சொல் என்று நீங்களே பாருங்கள்.

(பின்வரிசையிலிருந்து ஒரு பையன் “தலைவா!” என்று கத்தினான். மண்டபமே சிரித்தது.)

அதேதான். தேர்தல் காலத்தில் இந்த ஊர் முழுக்கக் கேட்கிற சொல், ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. முந்தின ஸ்டேஷன்களில் ஒன்று கொட்டகலை. அதற்குள் கலையும் இருக்கிறது, கொலையும் இருக்கிறது. கொட்டகலைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

சரி, இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகுதான் ஒன்று விளங்கியது. கொடுத்த எழுத்துகளில் சொல் தேடும்போது, பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன இலக்கணம் தானாக எழுந்து வந்து வேலை செய்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ந், கொ, து, ழு. நாலு எழுத்து. மாற்றி மாற்றி அடுக்கினால் 24 வரிசை வரும். எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். ந் என்ற மெய்க்குப் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. இங்கே இருப்பவற்றில் து மட்டும்தான் உட்காரும். ஆக ‘ந்து’ ஒரே கட்டு. புள்ளி எழுத்து சொல்லுக்கு முதலில் வராது, ழகரமும் வராது. மிஞ்சுவது கொ. இப்போது இரண்டே வழி: கொழுந்து, கொந்துழு. இரண்டாவது சொல் எந்த மலையிலும் விளையாது.

இப்படித்தான் மற்றவையும். ங் கையில் கிடைத்தால் ககரத்தைத் தேடுங்கள். ஞ் கிடைத்தால் பெரும்பாலும் சகரம். ர், ழ் இரண்டும் தம்மைத் தாமே இரட்டிக்க மாட்டா. க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச் சொல்லுக்குக் கடைசியில் நிற்க மாட்டா. 18 மெய்களில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு வரிசையும் முதலில் வர மாட்டா. நன்னூலில் சூத்திரமாகப் படித்தபோது கொட்டாவி விட்டோம். விளையாட்டில் இதுவே குறுக்குப் பாதை.

ஆனால் நம் மலைநாடு இந்த விதியை ஒரு கை பார்த்த நாடு. டிக்கோயா, லிந்துலை, ராகலை என்று முதலெழுத்திலேயே உடைக்கும். நானுஓயாவைப் பாருங்கள், நடுவில் ஓ என்று தனி உயிர் நிற்கிறது. அளபெடையை விட்டால் தமிழ்ச் சொல்லுக்குள்ளே உயிரெழுத்து அப்படித் தனியாக நிற்காது. சிங்களப் பெயர் என்று அந்த ஓ காட்டிக் கொடுத்துவிடுகிறது. நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்து வரிசை வீடான லயமும் லகரத்தில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்து லைன்தான் நம் வாயில் லயமாயிற்று.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ‘மலையகம்’ என்ற சொல்லை எடுங்கள். அதில் எத்தனை எழுத்து?

ஐந்து என்றீர்கள். ம, லை, ய, க, ம். சரி. கம்ப்யூட்டரைக் கேட்டால் ஏழு என்னும். யுனிகோடில் லை என்பது ஒரே எழுத்து இல்லை, லகரமும் ஐகாரக் குறியும் என்று இரண்டு. கடைசி ம் கூட மகரமும் புள்ளியும். அப்புறம் தொல்காப்பியர் வழியில் உயிரையும் மெய்யையும் பிரித்து எண்ணினால் ஒன்பது: ம், அ, ல், ஐ, ய், அ, க், அ, ம்.

எதை எழுத்து என்று எடுக்கிறோமோ அதைப் பொறுத்துக் கிடைக்கும் சொல்லும் மாறும். ஐந்தை வைத்து ஆடினால் மலை, கலை, மகம், மயம் கிடைக்கும். யமகம் என்றும் ஒன்று உண்டு. வந்த எழுத்துகளே திரும்ப வந்து வேறு பொருள் தரும் செய்யுள் அணிக்கு அதுதான் பெயர். எழுத்து விளையாட்டின் பெயரே நம் ஊர்ப் பெயருக்குள் கிடக்கிறது. முதன்முதலில் கண்டபோது எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்த ஐந்தில் ‘அகம்’ கிடைக்காது. மலை, அகம் என்ற இரண்டும் சேர்ந்துதான் மலையகம். இருந்தும் அகத்தைத் தேடினால் அகப்படாது. இடையில் யகரம் உடம்படுமெய்யாக வந்து அந்த அகரத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. ஒன்பதாகப் பிரித்தால் அகம் வெளியே வரும். கூடவே மையல் வரும், ஐயம் வரும், அலை வரும். கமலமும் வரும், எண்ணிப் பாருங்கள். மீதி ஐயும் ய்யும் மட்டும்.

கம்ப்யூட்டர் சொன்ன ஏழு எழுத்தை வைத்து ஆடினால்? அதுதான் வில்லங்கம். கம்ப்யூட்டரில் லகரம் உள்ள சொற்களைத் தேடினால் லை, லி, லு எல்லாம் சேர்ந்து வந்து குவியும். ‘விகடகவி’யைத் திருப்பிப் போடச் சொன்னால் நமக்கு அதே விகடகவி. கம்ப்யூட்டர் குறிகளைத் தனித்தனியாகப் புரட்டினால் முதல் இகரக் குறி அந்தரத்தில் தொங்கும், நடுவில் ஒரு ‘கி’ முளைக்கும். உயிர்மெய்யை ஒன்றாகக் கட்டிய பிறகு புரட்டு என்று சொல்லிக் கொடுத்தால்தான் சரியாகும். அதைச் சொல்லிக் கொடுக்கிறவருக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். இங்கே தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தை வைத்துச் சொல் தேடுவது நேற்று வந்த ஆசையும் இல்லை. அகராதியில் முதலெழுத்தைப் பிடித்துத் தேடுகிறோம். பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் இரண்டாம் எழுத்தைப் பிடித்துத் தேட வேண்டும். சொற்களை எதுகைப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள். செய்யுள் கட்டுகிறவனுக்கு அதுதானே தேவை? வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியிலும் நாலு பகுதிகளில் ஒன்று எதுகைத் தொடைக்கென்றே இருக்கிறது. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுள் என்ற வித்தையும் சித்திரகவிகளில் உண்டு. நம்முடைய தலைவாவெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்!

நேரமாகிவிட்டது என்று மணி அடிக்கிறார்கள். இன்று பின்னேரம் ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வேலை. அடுத்தது வட்டகொடை ஸ்டேஷன். வ, ட், ட, கொ, டை. கொடையும் வட்டமும் என்று அவசரப்படாதீர்கள், ம் அதில் இல்லை. இரண்டே எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது. கண்டுபிடிக்க முடியாவிட்டால், கூடையைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாக ஒருவர் அதைக் கூவிக்கொண்டே வருவார், வாங்கிச் சாப்பிடுங்கள்.