சேர்விடாப்பில் உள்ள பெயர்கள்

(திருகோணமலையில் பழைய மாணவர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, பழைய மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் பழைய மாணவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டி வைப்பதென்று சங்கம் தீர்மானித்தவுடனேயே, பட்டம் பெற்றவர்கள், பதவி வகித்தவர்கள், நூல் எழுதியவர்கள் என்று ஒரு பட்டியல் என் கைக்கு வந்தது. அந்தப் பட்டியலோடு நின்றுவிட எனக்குச் சம்மதமில்லை. இங்கே ஒருநாள் படித்தவருக்கும் அங்கே இடம் வேண்டும்.

கணித வகுப்பில் வென் வரிப்படம் வரையாதவர் நம்மில் எவருமில்லை. அந்த வட்டங்களுக்குப் பெயர் தந்த ஜோன் வென், தம் முதுமையில் வேறொரு பெரும் பணியில் இறங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொடக்ககாலம் முதல் 1900 வரை படித்தவர்களில், அறிய முடிந்த எல்லோருடைய வாழ்க்கைக் குறிப்புகளையும் மகனோடு சேர்ந்து திரட்டலானார். முதல் தொகுதி 1922இல் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் காலமானார். மகன் விடாமல் தொடர்ந்த அந்த வேலை 1954இல் பத்தாவது தொகுதியோடு நிறைவுற்றது. புகழ்பெற்றவர்களை மட்டும் பொறுக்கியெடுத்திருந்தால் ஒரு தொகுதியே போதுமாயிருந்திருக்கும்.

அதே பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் கல்லூரியில் படித்தவர் நம் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அக்கல்லூரியின் தலைவராயிருந்த ஜோன் பீல், 1505 முதல் 1905 வரையான உறுப்பினர்களுக்கென்றே தனியாக ஒரு வாழ்க்கைப் பதிவேட்டைத் தொகுத்தார். இலங்கை திரும்பிய அருணாசலமோ 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை முன்னின்று நடத்தினார். அது ஏழை, செல்வர் என்று பாராமல் ஒவ்வொரு தலையையும் எண்ணும் வேலை.

சென்ற மாதம் நமது பழைய சேர்விடாப்பு ஒன்றை, அதாவது பாடசாலையில் சேரும் மாணவரின் விபரம் எழுதும் பதிவேட்டை, பிரித்துப் பார்த்தேன். ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது, மை பழுப்பேறியிருந்தது. ஒரு வரியில் ஒரு பையனின் பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கடற்றொழில்’. ஐந்தாம் வகுப்போடு விலகியிருக்கிறான். காரணம் எழுதும் கட்டத்தில் மீண்டும் அதே சொல், அதே கையெழுத்தில்: ‘கடற்றொழில்’. அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் எத்தனை மாரியும் கச்சான் காற்றும் கடந்தன என்பதை அவருடைய பேரப்பிள்ளைகளிடம் கேட்டறியலாம்; இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்க ஆளிருக்குமா?

இந்த ஊரில் இடாப்பைப் படிப்பதற்கு ஊரின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு வீசின. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியது. பின்னர் இடப்பெயர்வுகள், 2004இல் ஆழிப்பேரலை. பெட்டியோடு பிறப்புச் சான்றிதழை இழந்த குடும்பங்கள் நமக்குத் தெரியும். வயதை நிறுவ அவர்கள் நாடி வருவது பெரும்பாலும் பாடசாலையின் சேர்விடாப்பைத்தான். ஆகவே அந்தப் புத்தகத்தை வெறும் நினைவுப் பொருளாக எண்ணிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள்.

பெயர் விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. நமது ஊர் இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளை, அவர் படித்த பாடசாலையின் ஏடுகளில் அந்தப் பெயரில் தேடினால் காணமாட்டோம். காரைதீவில் பிறந்த மயில்வாகனமாகவே அவர் பள்ளிக்குச் சென்றார். பிரமச்சரிய தீட்சையில் பிரபோத சைதன்யரானார். 1924இல் துறவு பூண்ட பின்னரே விபுலானந்தர். மணமான பின் கணவர் பெயரைத் தம் பெயரோடு எழுதும் பெண்களையும் இப்படித்தான் தவறவிடுகிறோம். சேர்விலக்கத்தைத் தலைப்பாக வைத்து, அதன் கீழ் எல்லாப் பெயர்களையும் எழுதினால் இந்தச் சிக்கல் தீரும்.

ஒவ்வொரு தகவலுக்கும் அது எங்கிருந்து கிடைத்தது, யார் சொன்னார், எந்தத் திகதியில் என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். குடும்பத்தார் சொல்வதும் இடாப்பு சொல்வதும் மாறுபட்டால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் எழுதிவைப்போம். உயிரோடு இருப்பவர்களின் தண்டனை, நோய், கட்டண நிலுவை பற்றிய பக்கங்களை அவர்களது சம்மதமின்றி எவருக்கும் காட்டலாகாது. சங்கத் தலைவர் கேட்டாலும் எனது பதில் அதுவே.

வீட்டிலுள்ள வகுப்புப் புகைப்படங்களை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும். பெயர் மறந்துபோன முகத்துக்கு நேரே வெற்றிடம் விடுங்கள். பக்கத்தில் இருந்து படித்தவர் யாராவது வந்து நிரப்புவார்.