நிற்கிற லாரிக்கும் இடம் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் இருபத்தெட்டு வருடம் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவன் நான். ரோட்டில் எங்கே நெரிசல் என்பது டிரைவர்கள் போடும் போனிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

பெங்களூரிலிருந்து வரும் லோடு சேலம் பக்கம் போவதா, சென்னை பக்கம் போவதா என்று பிரிவது நம் ஊரில்தான். ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே சின்ன ரயில் ஓடியது, 1905-இல் திறந்தது. அதை எடுத்த பிறகு கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலே இல்லை. மாங்காய், கிரானைட், புளி எல்லாமே லாரியில்தான் போயாக வேண்டும்.

ரோட்டை அகலமாக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். நான் பார்த்தவரை நம் பக்கத்து நெரிசலில் பாதி, நிற்கிற வண்டியால் வருவது. காலையும் மாலையும் பெங்களூருக்குள் பெரிய லாரிக்கு நோ என்ட்ரி. அந்த ஊருக்கு அது நியாயம்தான். ஆனால் அந்த நேரம் முடியும்வரை லாரி எங்கே நிற்கும்? ஓசூர் ரோட்டோரம்தான். ஒரு பக்கத்து டயர் மண்ணில், மறு பக்கத்து டயர் தாரில். பின்விளக்கை அணைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் பாய் விரித்துக் கிளீனர் தூங்குவான். பின்னால் வேகமாக வரும் பைக்காரருக்கு அந்த வண்டி கடைசி நிமிடத்தில்தான் கண்ணில் படும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் எல்லையில் வரிக்கு நிற்கும் வேலை போனது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டோல்கேட் வரிசை சுருங்கியது. இரண்டுக்கும் ஓர் அடி ரோடுகூடப் புதிதாகப் போடவில்லை. நிற்கும் நேரத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

மாங்காய் சீசனைப் பாருங்கள். மே மாதம் பிறந்தால் மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் வரிசையில் நிற்கும். வெயிலில் அடியில் கிடக்கும் காய் கனிந்து, நசுங்கி, சாறு தார்ப்பாய் வழியாக ரோட்டில் சொட்டும். எடை போடும்போது நஷ்டம் விவசாயிக்கு. ரோடு அடைபட்டதால் தாமதம் பஸ்ஸில் இருப்பவருக்கு. முந்தின நாளே போனில் டோக்கன் கொடுத்து, இன்ன மணிக்கு வா என்று சொன்னால் பாதி வண்டி தோப்பிலேயே நிழலில் நிற்கும்.

சேலம் போகும் வழியில் இருக்கிற தொப்பூர் கணவாயை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும். என்னிடம் லோடு எடுத்த டிரைவர் ஒருவர், இரவு முழுக்க ஓசூரில் லோடு இறக்கக் காத்திருந்து கண் மூடாமல் சேலத்துக்குக் கிளம்பினார். நேரமாகிறது, சீக்கிரம் போ என்று போன் போட்டு அவசரப்படுத்தியவன் நான். டீசல் மிச்சமாகுமே என்று இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டிருக்கிறார். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. வண்டி தடுப்புச் சுவரில் உரசி நின்றதால் பிழைத்தார். அன்றிலிருந்து நான் எந்த டிரைவரையும் அவசரப்படுத்தியதில்லை.

ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. ஓய்வு எடுக்க இடம் எங்கே?

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஓசூருக்கு முன்னால் ஓரிடம், தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஓரிடம். விளக்கு, தண்ணீர், கழிப்பறை, காவலுக்கு ஓர் ஆள். இறக்கத்துக்கு முந்தைய இடத்தில் பிரேக்கைத் தொட்டுப் பார்த்து அனுப்ப ஒரு மெக்கானிக். பெங்களூரில் நோ என்ட்ரி எப்போது முடிகிறது என்று ஒரு போர்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் லாரிக்காரர்களையும் ஆலைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். அடுத்த மாங்காய் சீசனுக்கு முன்பே அந்தக் கூட்டம் நடக்க வேண்டும். கூப்பிட்டால் நானும் வருகிறேன். வணக்கம்.