மாத்திரை அட்டை ஓரத்துல இருக்குற நம்பர்

நேயர்களுக்கு வணக்கம். ரொம்ப காலமா மருந்துக்கடை கவுண்டர்ல நிக்குறவங்கிறதால ஒரு மருந்தை ரீகால் பண்ணா, அதாவது திரும்ப எடுத்தா, உள்ள என்ன நடக்குதுன்னு பேசச் சொல்லியிருக்காங்க. நான் எப்பவும் பேட்ச் நம்பர்லதான் ஆரம்பிப்பேன்.

மாத்திரை அட்டையோட ஒரு முனையில எக்ஸ்பைரி தேதி பக்கத்துல குட்டியா அச்சடிச்சிருக்கும் பாருங்க, அதான். ஒரே தடவையில சேர்த்துத் தயாரிச்ச சரக்குக்கு, அதாவது ஒரு பேட்சுக்கு, கம்பெனி போடுற அடையாள நம்பர் அது. ரீகால்ல பெரும்பாலும் மருந்து மொத்தத்துக்கும் தடை வராது, குறிப்பிட்ட சில பேட்ச்தான் பிரச்சனை. நோட்டீஸ் வந்ததும் ரேக், ஃப்ரிட்ஜ், ரிட்டர்ன் டப்பா எல்லாத்தையும் துழாவி, கிடைச்சதை எண்ணி, யாரும் தவறிப்போய் வித்துடாதபடி தனியா பூட்டி வச்சு, ஹோல்சேல்காரருக்குப் பதில் போடணும். ஒண்ணுமே இல்லேன்னாலும் 'இல்ல'ன்னு பதில் போகணும், அது போகலேன்னா தேடுனாங்களா இல்லையான்னே அவங்களுக்குத் தெரியாது.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா 1937ல அமெரிக்காவுல நடந்ததைக் கேளுங்க. சல்ஃபானிலமைடுங்கிற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால்ல கரைச்சு, ராஸ்பெர்ரி வாசனை சேர்த்து, சிரப்பா வித்துட்டாங்க, அது விஷம்னு விக்கிறதுக்கு முன்னாடி யாரும் சோதிக்கல, அப்போ சட்டமும் கேக்கல. தயாரிச்சது 240 கேலன். அரசாங்க இன்ஸ்பெக்டர்கள் கடை கடையா, டாக்டர் டாக்டரா, சீட்டு சீட்டாப் புரட்டி 234 கேலன் மீட்டுட்டாங்க. ஒரு டாக்டர் தன் கல்யாணத்தையே தள்ளி வச்சுட்டு, மருந்து வாங்கிட்டு மலைப்பக்கம் குடி போயிட்ட குடும்பத்தோட 3 வயசுப் பையனைத் தேடப் போனார். கல்யாணத்தையே தள்ளி வச்சுட்டுங்க! அப்படித் தேடியும் கைக்கு வராத அந்தக் கொஞ்ச மருந்து 100 பேருக்கு மேல உயிரை எடுத்துடுச்சு, நிறைய பேர் குழந்தைங்க. மறு வருஷமே, 1938ல, பாதுகாப்பானதுன்னு காட்டாம புது மருந்தை விக்கக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு.

அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், பேட்ச் நம்பர். கடை ரேக் வரைக்கும் நாங்க பிடிச்சிடுவோம், வித்த பிறகு உங்க வீட்டு அலமாரிக்குள்ள யாரு வந்து தேடுறது? நாலு மாத்திரை வெட்டிக் கொடுங்கன்னு வாங்கினா நம்பர் இருக்குற முனை கடையிலயே நின்னுடும், அப்போ பில்லுல பேட்ச் நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா எழுதி வாங்குங்க. முழு அட்டைன்னா நம்பர் இல்லாத முனையில இருந்து பிரிச்சு சாப்பிடுங்க. மாத்திரையை டப்பாவுல கொட்டி வைக்கிறவங்களும் அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

நேரம் முடியுதுன்னு சைகை காட்றாங்க, ஆபத்தைப் பொறுத்து ரீகாலைத் தரம் பிரிக்கிறதைப் பத்திச் சொல்ல முடியல. இதை மட்டும் சொல்லிடறேன். 2018ல வால்சார்டன்னு ஒரு பிரஷர் மாத்திரையில சில கம்பெனி சரக்குல என்டிஎம்ஏங்கிற, புற்றுநோய் வரவைக்கக்கூடிய மாசு இருக்குன்னு திரும்ப எடுத்தாங்க, அப்பவும் மாத்து மருந்து கைக்கு வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்கன்னுதான் சொன்னாங்க, ஏன்னா திடீர்னு நிறுத்தி பிரஷர் ஏறுறது உடனடி ஆபத்து. உடனே நிறுத்த வேண்டிய மருந்துன்னா நோட்டீஸ்லயே தெளிவா இருக்கும், அதனால நியூஸ்ல பேரைக் கேட்டதும் நீங்களா முடிவு பண்ணாம அட்டையோட கடைக்கு வாங்க, நம்பரைப் பார்த்துச் சொல்றோம்.