படமாக வேண்டாம், எழுத்தாகத் தாருங்கள்

(சேலத்தில் நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வாசகர் வட்டத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, எனக்கு முன் பேசி அரங்கத்தைக் கட்டிப்போட்ட புலவர் ஐயா அவர்களே, செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் அம்மாப்பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் அச்சக உரிமையாளர்களே, மலையிலிருந்து இந்த விழாவுக்கென்றே இறங்கி வந்திருக்கும் ஏற்காட்டு ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நன்றிக் கடனை முதலில் தீர்த்துவிடுகிறேன். மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் நேரில் வந்து என்னை அழைத்தார்கள். தலைவர் அவர்கள் தம் தலைமையுரையைச் சுருக்கி, அந்த நேரத்தையும் எனக்கே கொடுத்திருக்கிறார்கள். அத்தகைய பெருந்தன்மை மேடைகளில் அரிது. புலவர் ஐயாவிடம் படித்தவர்கள் இந்த அரங்கில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள்; அதைவிட ஓர் ஆசிரியருக்கு என்ன விருது வேண்டும்? பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த வாசகர் வட்டத்துக்கு என் தனி வணக்கம். இந்த வழக்கம் சேலத்தின் எல்லா மேடைகளுக்கும் பரவ வேண்டும்.

எனக்குப் பின்னால் எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களின் படத்தை மாட்டியிருக்கிறீர்கள். சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை 1931-இல் உலகுக்குத் தந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு என் பேச்சைக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

என் தந்தையார் குகைப் பகுதியில் தறி நெய்தவர். மளிகைப் பொட்டலத்தைப் பிரித்தால், அந்தக் காகிதத்தைப் படித்த பிறகுதான் கீழே போட விடுவார். "கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்" என்பார். நான் பண்டிதன் ஆகவில்லை, கணினிக்காரன் ஆனேன். ஆனால் கண்டதையெல்லாம் படிக்கும் பழக்கம் அவர் தந்தது. இன்று பொட்டலக் காகிதத்தின் இடத்தில் திரை வந்திருக்கிறது.

உங்களிடம் மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். நான் வாசிக்கும் கருவிகள் எவை என்பது முதலாவது. மின்னூலை எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது என்பது இரண்டாவது. பிள்ளைகளின் கையில் திரையைக் கொடுக்கலாமா என்பது மூன்றாவது.

காலையில் சூரமங்கலத்திலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் செய்தியோடை வாசிக்கிறேன். எனக்குப் பிடித்த தளங்களை நானே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் புதிதாக எது வந்தாலும் வரிசையாக என் கைப்பேசிக்கு வந்துவிடும். எனக்கு எதைக் காட்டுவது என்று எந்த நிறுவனமும் நடுவில் நின்று முடிவு செய்வதில்லை. கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டபோது செய்தியோடையே செத்துவிட்டது என்றார்கள். சாகவில்லை. அது பொதுவான ஒரு நுட்பம், எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. ஆனால் பிறகு படிக்கலாம் என்று கட்டுரைகளைச் சேர்த்து வைக்க உதவிய பாக்கெட் சேவை, 2025 ஜூலையில் நின்றே போனது. அதில் சேர்த்து வைத்ததைத் தம் கணினிக்கு எடுத்து வைத்துக்கொண்டவர்களே பிழைத்தார்கள்.

இரவில் நீண்ட நூல்களுக்கு ஈ-இங்க் எனப்படும் மின்மைத் திரை கொண்ட கருவி வைத்திருக்கிறேன். அந்தத் திரைக்குள் நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்னூட்டம் மாறும்போது ஏதாவது ஒன்று மேலே வருகிறது, எழுத்து தோன்றுகிறது. பக்கத்தைத் திருப்பும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். காகிதத்தைப் போலவே வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருவதால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அத்தகைய திரை கொண்ட, அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவி 2007-இல் வந்தது. தமிழ் நூல்களை அமேசான் அதில் முறையாக விற்கத் தொடங்கியது 2016-இல்தான். 2009-இல் அதே நிறுவனம், தான் விற்ற நூலையே வாங்கியவர்களின் கருவியிலிருந்து அவர்கள் அறியாமல் அழித்தது. பெரும் கண்டனம் எழுந்தது. எனவே நண்பர்களே, காசு கொடுத்து வாங்கினாலும் இலவசமாக எடுத்தாலும் நூலின் கோப்பு உங்கள் கணினியில் இருக்கட்டும். அவற்றை அடுக்கி வைக்கவும், ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றவும் காலிபர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2006-இல் அதைத் தொடங்கியவர் கோவித் கோயல் என்ற இந்தியர்.

அடுத்தது வடிவம். அதற்கு முன் ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனேன். அஸ்தம்பட்டியில் ஒரு பெரியவர் ஏறினார். வெள்ளை வேட்டி, கையில் வெள்ளைக் கோல். என் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், நாகலூர்ப் பக்கம் வீடு. கண் அழுத்த நோய் அவருடைய பார்வையைச் சிறிது சிறிதாகப் பறித்துவிட்டது. இரண்டு வார்த்தை பேசியதும் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார்.

கோரிமேடு கடந்தோம், அடிவாரம் கடந்தோம். முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பிய வேகத்தில் இயர்போன் கம்பி பிடுங்கிக்கொண்டது. கைப்பேசி உரக்கப் பேசத் தொடங்கியது. பேசியது என்ன தெரியுமா? சிலப்பதிகாரம்! மதுரைத் திட்டத்தின் எழுத்துக் கோப்பு. 1998 பொங்கல் நாளில் தொடங்கி, உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியம் வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்களே, அந்தத் திட்டம். கைப்பேசியில் இருக்கும் திரைவாசிப்பான் அதை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தது. இயந்திரக் குரல், சீர் பிரிக்கத் தெரியாத குரல். ஆனாலும் இளங்கோவின் சொற்கள்!

பெரியவர் பதறிப்போய் நிறுத்தப் பார்த்தார். முன் இருக்கையில் இருந்த அம்மா திரும்பி, "நிறுத்தாதீர்கள் ஐயா, அது என்ன கதை?" என்று கேட்டார். கேட்டது வாத்தியாரிடம்! நான்கு வரி ஓடவிடுவார், நிறுத்துவார், பொருள் சொல்வார். கண்ணகி பாண்டியன் அவையில் நிற்கிறாள். பஸ் ஐந்தாவது வளைவில் திரும்புகிறது. என் சிலம்பில் உள்ள பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எங்கள் சிலம்பில் உள்ளது முத்து என்கிறான் மன்னன். அந்த அம்மா செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவராம். அவருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, உள்ளே போடுகிற மணிக்கு ஏற்றபடி சத்தம் மாறுமே! அந்த மனுஷனைக் கொல்வதற்கு முன்னால் சிலம்பைக் குலுக்கிப் பார்க்க ஓர் ஆள் இல்லையா அந்த ஊரில்?" என்றார். பஸ் முழுவதும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. கண்டக்டர் பையை இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "அப்புறம் என்ன ஆயிற்று ஐயா?" என்று அவரும் கேட்டார்.

பாதி மலையில் சிக்னல் போயிற்று. பின் இருக்கையில் ஒரு மாணவர் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு நின்றது. சிலப்பதிகாரம் நிற்கவில்லை. முன்பே இறக்கி வைத்த கோப்புக்குச் சிக்னல் எதற்கு? மலைக் கிராமங்களில் பணியாற்றும் ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதினைந்தாவது வளைவு இருக்கும். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தது. மன்னன் சாய்ந்தான். பஸ்ஸில் கைதட்டல்! அந்த மகிழ்ச்சியில் பெரியவர், "நம் மலையைப் பற்றியே என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது, அதையும் கேளுங்கள்" என்றார். காலமாகிவிட்ட அவருடைய நண்பர் சேர்வராயன் மலையின் ஊர்களையும் திருவிழாக்களையும் மரங்களையும் பற்றி எழுதிய சிறு நூல். படிகள் எங்கும் விற்பனையில் இல்லை. நண்பரின் மகன் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். பெரியவர் விரலால் தொட்டார். கைப்பேசி, "பக்கம் ஒன்று. படம்" என்றது. தள்ளினார். "பக்கம் இரண்டு. படம்." மீண்டும் தள்ளினார். "பக்கம் மூன்று. படம்." கொலுசுப் பட்டறை அம்மா, "கதை எங்கே ஐயா?" என்று கேட்டார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இளங்கோ என்னோடு பேசுகிறார். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் பேச மாட்டேன் என்கிறான்" என்றார்.

கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்று என் தந்தையார் சொன்னார். காண முடியாதவர் கற்க வேண்டாமா? பேசப் போகிறேன் என்று சொன்ன மற்றவற்றையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் இன்று பேசியாக வேண்டும். பிள்ளைகளுக்கும் திரைக்கும் வேறொரு மாலை ஒதுக்குவோம்.

அந்த மகன் அன்போடு செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். எழுத்தாக இருக்கும் ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பு அப்படியில்லை. கைப்பேசி சிறியதானால் வரி தானாக மடங்கிக்கொள்ளும். வயதானவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பார்வையற்றவர் கேட்கலாம், என்விடிஏ என்ற திரைவாசிப்பானைக் கணினியில் இலவசமாகவே நிறுவிக்கொள்ளலாம்.

அச்சக உரிமையாளர்களே, இங்கே உங்கள் உதவி வேண்டும். நீங்கள் அச்சிடும் நூல் ஒவ்வொன்றும் உங்கள் கணினியில் எழுத்தாகத்தானே பிறக்கிறது? அச்சாகி முடிந்ததும் அந்தக் கோப்பு எங்கே போகிறது? கணினி பழுதானால் அதோடு போய்விடுகிறது. பல கோப்புகள் பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன, திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலந்து தெரிகின்றன என்பது எனக்கும் தெரியும். அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் ஒன்றே பெரும்பாலான எழுத்துருக்களுக்குப் போதும். மாற்றித் தர நாங்கள் வருகிறோம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் நூலின் படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும். அது காகிதப் படி. எழுத்துக் கோப்பு ஒன்றைச் சேலம் மாவட்ட மைய நூலகத்துக்கு நாமாகவே மனம் உவந்து தரக் கூடாதா?

உரிமை போய்விடுமே என்று எழுத்தாளர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மாற்றுத் திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூலை மாற்றித் தருவதற்கு 2012-இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. இதற்காக உலக நாடுகள் 2013-இல் மராகேஷ் உடன்படிக்கை செய்தன. அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு எது? 2014-இல் இந்தியா! அந்தப் பெருமை டெல்லியோடு நின்றால் போதுமா? நாகலூருக்கு வர வேண்டாமா?

கோப்பு தொலைந்துபோன பழைய நூல்களுக்கும் வழி இருக்கிறது. படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் தமிழை இன்று நன்றாகவே படிக்கிறது. ஆனாலும் ரகரத்தைத் துணைக்கால் என்று எடுத்துக்கொள்ளும். மங்கிய அச்சில் புள்ளியை விழுங்கும். மனிதர் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். யாரும் இலவசமாகப் படிக்கும்படி தன்னார்வலர்கள் நூல்களை ஏற்றும் தமிழ் விக்கிமூலம் என்ற தளத்தில் அப்படித்தான் நடக்கிறது. ஒரு புறம் பக்கத்தின் படம், மறு புறம் எழுத்து. திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்துத் திருத்தினால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களும் அங்கே போகலாம். வாழும் எழுத்தாளர்கள் தாமே முன்வந்து தரும் நூல்களை 2013 முதல் ஈபப் ஆக்கிப் பரப்பி வரும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

கண்டது கற்கப் பண்டிதன் ஆவான். மாணவர்களே, நாளொன்றுக்கு ஒரு பக்கம் பிழை திருத்திப் பாருங்கள். எழுத்து எழுத்தாகப் பார்த்துப் படிக்கும் வாசிப்பு அது. எனக்குச் சந்திப் பிழை பிடிபட்டது வகுப்பில் அன்று, அந்த மஞ்சள் பக்கங்களில்தான்.

வேலையை அந்த மலை நூலிலிருந்தே தொடங்கலாம். நண்பரின் மகனிடம் பேசினேன். நூலை எழுத்தாக்கி யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட அவர் எழுத்தில் அனுமதி தந்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வாசகர் வட்டத்தார் இதே அரங்கைத் திறந்து வைக்க இசைந்திருக்கிறார்கள். நூலகத்தின் கணினிகளும் அன்று நமக்குக் கிடைக்கும். வாசலில் உள்ள மேசையில் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. தட்டச்சு தெரிந்தவர்கள் எழுதுங்கள். தெரியாதவர்களும் எழுதுங்கள், ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் திரையில் திருத்தினால் பிழை தப்பாது. மரங்களின் பெயர்களும் ஊர்த் திருவிழாவின் சொற்களும் வரும் பக்கங்களை ஏற்காட்டு ஆசிரியர்கள் பார்த்துத் தர வேண்டும். அவை எங்களுக்குப் பிடிபடாது. அச்சக உரிமையாளர்கள் பழைய கோப்புகளை ஒரு பென்டிரைவில் கொண்டு வாருங்கள், எந்த எழுத்துருவாக இருந்தாலும் சரி.

நன்றி, வணக்கம்.