ஜாம்பவானைச் செதுக்கியது கல்லூரிக் களமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"கூடைப்பந்து ஜாம்பவான்களை உருவாக்கியது கல்லூரிக் களமா, என்.பி.ஏ. களமா?" என்பது தலைப்பு. என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே மூன்று பெயர்களைச் சொன்னார்: லெப்ரான் ஜேம்ஸ், கோபி பிரயன்ட், நிக்கோலா யோக்கிச். மூவரும் கல்லூரி அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்கள். அப்புறம் கல்லூரி எதற்கு என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன். அதற்கு முன்னால் பில் ரஸ்ஸலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

13 பருவங்களில் 11 பட்டம். என்.பி.ஏ. வரலாற்றில் வேறு எந்த வீரரும் எட்டாத எண்ணிக்கை அது. அந்த ரஸ்ஸல் பள்ளி அணியில் இடம் பிடிக்கவே திண்டாடியவர். உதவித்தொகை தருகிறேன், வா என்று அவரைக் கூப்பிட்டது ஒரே ஒரு கல்லூரி, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். அங்கே அறைத்தோழர் கே.சி. ஜோன்ஸும் அவரும் உட்கார்ந்து, எந்தக் கோணத்தில் ஷாட் வந்தால் பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1955, 1956 இரண்டு வருடமும் தேசியப் பட்டம். ரிங்குக்குக் கீழே அவரைச் சமாளிக்க முடியாமல் கல்லூரி விதியையே மாற்றினார்கள். யாரும் தடுக்காமல் எறிகிற ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவிலுள்ள பாதையின் அகலம் 6 அடியாக இருந்தது. அதை 12 அடி ஆக்கினார்கள். பந்து வைத்திருக்கும் அணியின் ஆள் அந்தப் பாதைக்குள் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அகலம் கூடினால் உயரமானவர் ரிங்கை விட்டுத் தள்ளித்தான் நின்றாக வேண்டும். இத்தனையும் அவர் என்.பி.ஏ.வில் காலெடுத்து வைக்கும் முன்னால் நடந்தவை. பாஸ்டன் அணிக்கு அதுவரை ஒரு பட்டமும் கிடையாது. அவர் வந்த முதல் பருவத்திலேயே, 1957-இல், கிடைத்தது.

நடுவர் அவர்களே, கல்லூரியில் கிடைப்பது பயிற்சி நேரம். என்.பி.ஏ. பருவத்தில் ஆறு மாதத்துக்குள் 82 ஆட்டம். இன்று ஒரு ஊர், நாளை மறுநாள் வேறு ஊர். நடுவில் கிடைக்கிற நாள் உடம்பைத் தேற்றவே சரியாகிவிடும். கல்லூரியில் ஒரு பருவத்துக்கு முப்பது, முப்பத்தைந்து ஆட்டம்தான். இன்றைய விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பயிற்சி. கால் வைக்கிற முறையில் ஒரு பிழை இருந்தால் ஆயிரம் தடவை திரும்பச் செய்துதான் அதைத் திருத்த முடியும். ஆட்டம் நடக்கிற இரவில் அது நடக்காது.

யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் வுடன் 12 வருடத்தில் 10 தேசியப் பட்டம் வென்றவர். அவருடைய முதல் நாள் பாடத்தில் பந்து கிடையாது, காலுறைதான். காலுறையை இழுத்துவிட்டு, குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கமும் சுருக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி தப்பும். பிறகு ஷூ நாடாவை ஒவ்வொரு துளையாக இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட வேண்டும். கரீம் அப்துல் ஜப்பார், அன்றைக்கு லூ ஆல்சிண்டர், உட்கார்ந்து கற்றுக்கொண்ட வகுப்பு இது.

அந்த ஆல்சிண்டரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1967-இல் அவர் முதல் பட்டம் வென்ற கையோடு கல்லூரி ஆட்டத்தில் டங்க் அடிக்க, அதாவது எம்பிக் குதித்து மேலிருந்து ரிங்குக்குள் பந்தைத் திணிக்க, தடை வந்தது. 7 அடி 2 அங்குல மனிதருக்கு இருந்த மிக எளிய வழி அடைபட்டது. சிறுவயதிலேயே பழகத் தொடங்கிய ஹூக் ஷாட் அவர் கையில் இருந்தது. அதைத் தீட்டினார். கவனியுங்கள்: தடுப்பவருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நிற்பார். இடது காலை ஊன்றி வலது முழங்காலை உயர்த்துவார். இடது தோளும் இடது கையும் வேலி. வலது கை முழுக்க நீண்டு தலைக்கு மேலே போனபின், உச்சியில் மணிக்கட்டால் பந்தைத் தட்டி விடுவார். தடுக்க வேண்டுமானால் அவருடைய உடம்பின் முழு அகலத்தையும் தாண்டிக் கை நீட்ட வேண்டும். எவனால் முடியும்? மூன்று பருவத்தில் 88 வெற்றி, 2 தோல்வி, 3 பட்டம். அதே ஷாட்டை வைத்துக்கொண்டு என்.பி.ஏ.வில் 20 பருவம், 38,387 புள்ளி.

கல்லூரியில் எதிராளிகள் சோதா என்றார் எதிரணி நண்பர். 1968 ஜனவரியில் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 52,000 பேருக்கு மேல் பார்க்க, ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 71-69 என யு.சி.எல்.ஏ.வை வீழ்த்தியது. ஹூஸ்டனின் எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளி. ஆல்சிண்டர் கண்ணில் காயத்தோடு ஆடினார். இரண்டு மாதம் கழித்து அரையிறுதியில் அதே இரண்டு அணிகள். இந்தத் தடவை வுடன் நான்கு பேரை வைர வடிவில் நிறுத்தி, ஒருவரை ஹேய்ஸின் பின்னாலேயே நிழல் போல அலையவிட்டார். ஹேய்ஸுக்கு 10 புள்ளிதான். 101-69, முப்பத்திரண்டு புள்ளி வித்தியாசம். அப்படிப்பட்ட தடுப்பு வியூகத்துக்கு என்.பி.ஏ.வில் 2001 வரை அனுமதியே கிடையாது! அங்கே ஏழு ஆட்டத் தொடரில் மூன்று தோற்றாலும் மீளலாம். கல்லூரிப் போட்டியில் ஒன்று தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். டிம் டங்கன் தன் முதல் கல்லூரி ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் முழுக்க ஆடிவிட்டு வந்தபோது, முதல் என்.பி.ஏ. பருவத்திலேயே லீக்கின் சிறந்த ஐவரில் ஒருவர்.

ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகளை வைத்துக் கல்லூரிகள் கோடி கோடியாகச் சம்பாதித்தன. தங்கள் பெயரை வைத்து வீரர்கள் சம்பாதிக்க வழி பிறந்தது 2021-இல்தான். அது அநியாயம். ஆனால் கூலி கொடுக்காத பட்டறை என்பதால், அங்கே தொழில் கற்றதே பொய் என்று ஆகிவிடாது.

இப்போது அந்த மூவர். யோக்கிச் செர்பியாவில் கிளப் அணியில் வளர்ந்தவர். ஐரோப்பாவில் இளம் வீரனைப் பயிற்றுவிப்பது கிளப். அமெரிக்காவில் அந்த வேலையைக் கல்லூரி செய்கிறது. கோபி 18 வயதில் நேராக என்.பி.ஏ.வின் லேக்கர்ஸ் அணிக்குப் போனார். முதல் பருவத்தில் பெரும்பாலும் பெஞ்சு, சராசரி 7.6 புள்ளி. 1997-இல் யூட்டா அணிக்கு எதிரான நாக்-அவுட் தொடரின் கடைசி ஆட்டத்தில், முடிவை நிர்ணயிக்கும் நேரத்தில் அவர் எறிந்த நான்கு ஷாட்கள் ரிங்கைத் தொடவே இல்லை. நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்த மைக்கேல் ஜோர்டானின் முதல் பருவச் சராசரி 28.2.

லெப்ரான் பிறவி மேதை, மறுக்கவில்லை. ஆனால் எட்டுப் பருவம் பட்டமில்லாமல் ஆடினார். 2011 இறுதித் தொடரில் டல்லாஸ் அணியிடம் தோற்றபின், ரிங்குக்கு முதுகு காட்டி ஆடும் போஸ்ட் ஆட்டத்தைக் கற்க ஒருவரைத் தேடிப் போனார். கோபியும் 2009-இல் அதே மனிதரிடம்தான் போயிருந்தார். அவர் என்.பி.ஏ. ஜாம்பவான் ஹக்கீம் ஒலாஜுவான். நைஜீரியாவின் லாகோஸில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடிக்கொண்டிருந்து, 15 வயதுக்குப் பிறகே கூடைப்பந்தைத் தொட்டவர். கால்வேகம் அந்த ஆட்டங்கள் தந்தது. அதைக் கூடைப்பந்துக்குப் பழக்கியது ஹூஸ்டன் பல்கலைக்கழகம். முதல் வருடம் ஆட்டத்தில் இறக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். அதன்பின் தொடர்ந்து மூன்று வருடம் அணி தேசிய அரையிறுதிக்குப் போனது.

எதிரணி காட்டிய மூவரில் இருவர் பாடம் கேட்கப் போன வாத்தியாரே கல்லூரிக் களத்தில் உருவானவர், நடுவர் அவர்களே. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.