காளானைத் தேடுமுன் மரத்தைப் பாருங்கள்

[காட்சி: காட்டுத் தரை. ஒரு கை ஈரச் சருகுகளை மெல்ல விலக்குகிறது.]

மழை ஓய்ந்த சில நாள்களில் காட்டுத் தரையெங்கும் காளான்கள் தலைகாட்டுகின்றன. ஈரம் வற்றியதும் இருந்த தடமே இல்லாமல் போய்விடுகின்றன. ஆனால் அவற்றைத் தோற்றுவித்த பூஞ்சை அங்கேயேதான் இருக்கிறது. மட்கிய சருகுகளை இரண்டு விரல்களால் விலக்கிப் பார்த்தால், இலைக்கும் இலைக்கும் நடுவே பஞ்சைப் பிரித்துப் போட்டதுபோல வெண்ணிற வலையொன்று படர்ந்திருப்பது தெரியும். தனி இழையைக் கண்ணால் காண முடியாது. பெரும்பாலும் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. நாம் காண்பது பல இழைகள் சேர்ந்த கற்றைகளை. இந்த இழைவலைதான் பூஞ்சையின் உடல். மரத்துக்குக் கனி எப்படியோ அப்படித்தான் அதற்குக் காளான்.

ஆகவே, ஒரு காட்டில் எந்தப் பூஞ்சை எங்கே வாழ்கிறது என்று அறிய விரும்புபவர், அது எதைத் தின்று வாழ்கிறது, எந்த மரத்தை அண்டி வாழ்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

[காட்சி: விழுந்து கிடக்கும் இரண்டு மரத்துண்டுகள், அருகருகே.]

இந்த இரண்டு துண்டுகளையும் பாருங்கள். ஒன்று பழுப்பேறி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சிறுசிறு கட்டிகளாக உதிர்கிறது. மற்றொன்று வெளுத்து, நார் நாராகப் பிரிகிறது. முதலாவதில் இருந்த பூஞ்சை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டது. இது ஊசியிலை மரங்களில் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு அழுகல். இரண்டாவது வெள்ளை அழுகல். அங்கே லிக்னினும் சிதைக்கப்பட்டிருக்கிறது. லிக்னினை முழுமையாகச் சிதைக்கும் ஆற்றல் வெகு சில உயிர்களுக்கே உண்டு; அவற்றுள் முதலிடம் இந்தப் பூஞ்சைகளுக்குத்தான். பட்ட மரங்களைக் 'குப்பை' என்று அப்புறப்படுத்திய காடுகளில், பருத்த, பழைய கட்டைகளை மட்டுமே நம்பியிருக்கும் இனங்கள் அருகிப்போவதில் வியப்பில்லை.

[காட்சி: பைன் மரத்தின் வேர்நுனி, நுண்ணோக்கியின் கீழ்.]

இனி, உயிருள்ள மரத்தோடு கூட்டு சேரும் பூஞ்சைகளுக்கு வருவோம். திரையில் தெரியும் வேர்நுனி குட்டையாக, சற்றுப் பருத்து, உறை மாட்டிய விரல்போல இருக்கிறது. அந்த உறை முழுவதும் பூஞ்சையிழை. மரம் தான் செய்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்க, பூஞ்சை மண்ணின் மூலைமுடுக்குகளிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீரையும் திரட்டித் தருகிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பெர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் 1885-இல் இந்தக் கூட்டுக்கு 'மைக்கோரைசா', அதாவது வேர்ப்பூஞ்சை, என்று பெயரிட்டார்.

வேரை இப்படி உறைபோலச் சூழும் வகையோடு கூட்டு சேரும் தாவர இனங்கள் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் பைன், ஓக், பீச், பிர்ச் ஆகியவை அவற்றுள் அடங்குவதால், உலகில் நிற்கும் மரங்களை எண்ணினால் ஏறத்தாழ 60 விழுக்காடு இக்கூட்டில் இருக்கின்றன. பூஞ்சைகளின் பரவலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோலை நான் அறியேன். மரங்களின் இனவளம் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கூடுகிறது; இவ்வகை வேர்ப்பூஞ்சைகளின் இனவளமோ மிதவெப்ப மண்டலத்திலும் அதற்கு வடக்கிலும் உச்சம் தொடுகிறது. உலகெங்கும் 365 இடங்களின் மண்ணில் இருந்த டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வெப்பமண்டலத்தில் இவை அறவே இல்லை என்று பொருளல்ல: சால் மரம் சேர்ந்த டிப்டெரோகார்ப் குடும்பம் கோலோச்சும் ஆசியக் காடுகளில் இவை செழிக்கின்றன. மறுபடியும், மரம்தான் முகவரி.

[காட்சி: வெளிறிய பைன் நாற்றுகள்; பின்பு, வெண்புள்ளிகள் கொண்ட சிவப்புக் காளான்.]

இதற்கு மனிதர்களே அறியாமல் நடத்திய சோதனையும் ஒன்றுண்டு. பைன் இயல்பாக வளராத மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கரீபியத் தீவான புவெர்ட்டோ ரீக்கோவிலும் பைன் விதைகளை ஊன்றியபோது, முளைத்த நாற்றுகள் தேறவில்லை. பைன் வளர்ந்த நிலத்து மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகே அவை தழைத்தன. மண்ணோடு வந்தது வேர்ப்பூஞ்சை. வட அரைக்கோளத்துக்குரிய அந்தச் சிவப்புக் காளான், அமானிட்டா மஸ்காரியா, இப்படி அயல்மரங்களோடு தெற்கே போய்ச் சேர்ந்ததுதான். நியூசிலாந்தில் அது இப்போது அந்த மண்ணுக்கே உரிய தென்பீச் மரங்களோடும் கூட்டு சேர்ந்துவிட்டது. விருந்தாளியாக வந்தது ஏற்கெனவே அங்கிருந்த பூஞ்சைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமோ என்ற கவலை நியாயமானது.

காற்றில் பறக்கும் வித்துகள் எங்கும் போய்ச் சேரும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். உண்மையில், காளான் உதிர்க்கும் வித்துகளில் பெரும்பகுதி அதன் காலடியிலேயே விழுந்துவிடுகிறது. மண்ணுக்குள் விளையும் டிரஃபிள் என்னும் பூஞ்சை, தன் மணத்தால் விலங்குகளை ஈர்த்து, அவற்றின் எச்சத்தின் வழியே பயணிக்கிறது. புற்றுக் காளானுக்கு மரமும் முகவரி இல்லை. அதை வளர்க்கும் கறையான்கள் வாழும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டுமே அது முளைக்கிறது.

[காட்சி: மேலிருந்து ஒரு மலைக்காடு.]

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மால்ஹ்யூர் காட்டில், வேர்களை அழுகச் செய்யும் ஆர்மில்லாரியா பூஞ்சை ஒன்று ஏறத்தாழ 965 ஹெக்டேர் பரப்பில் ஒரே உயிராக விரிந்திருக்கிறது. அந்தக் காட்டில் நடந்து செல்பவருக்கு அது கண்ணில் படாது. ஆண்டில் சில வாரங்கள் மரத்தடிகளில் தேன்நிறக் காளான்கள் கொத்துக் கொத்தாக வரும். மற்ற நாள்களில் அங்கங்கே பட்டு நிற்கும் மரங்களும், பட்டையை உரித்தால் உள்ளே விசிறிபோல விரிந்த வெள்ளைப் படலமும்தான் அதன் இருப்பைச் சொல்கின்றன.