சாய்தளத்தில் உராய்வு செய்யும் வேலை

நேயர்களுக்கு வணக்கம். மேல்நிலை இயற்பியலில் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் ஒரு கணக்கைப் பற்றி இன்று பேசலாம். தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

லாரியிலிருந்து 50 கிலோ அரிசி மூட்டையைப் பலகையில் சறுக்கவிட்டு இறக்குகிறார்கள். லாரித் தளத்தின் உயரம் 1.5 மீட்டர், பலகையின் நீளம் 2.5 மீட்டர். அப்படியானால் பலகை தரையைத் தொடும் இடம் லாரியிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கும். உராய்வுக் குணகம், அதாவது பலகையை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்பது, 0.3. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்றே வைத்துக்கொள்வோம்.

மூட்டையின் எடை 500 நியூட்டன். இதை அப்படியே 0.3-ஆல் பெருக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பலகை சாய்ந்திருக்கிறதே! மூட்டை முழு எடையோடு அதை அழுத்துவதில்லை. 2-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.8, அதுதான் பலகையின் சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பு. எடையில் அந்தப் பங்குதான் பலகையை அழுத்தும். ஆக, பலகையை அழுத்தும் விசை 400 நியூட்டன், உராய்வு 120 நியூட்டன். அதை 2.5 மீட்டர் தூரத்தால் பெருக்கினால் உராய்வு செய்யும் வேலை, 300 ஜூல். மூட்டை கீழே போகிறது, உராய்வோ மேல்நோக்கி இழுக்கிறது. அதனால் மைனஸ் 300 ஜூல். 500 நியூட்டன் எடை 1.5 மீட்டர் கீழே இறங்கியதில் புவியீர்ப்பு கொடுத்தது 750 ஜூல். மிச்சம் 450 ஜூலோடு, நொடிக்குச் சுமார் 4.2 மீட்டர் வேகத்தில் மூட்டை தரைக்கு வருகிறது.

இந்தக் கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். 0.3, 500, தரையில் அளந்த அந்த 2 மீட்டர், மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். அதே 300! பலகையின் நீளமே தேவைப்படவில்லை. நீளமான பலகையைப் போட்டு, கீழ்முனையை 4 மீட்டர் தள்ளி வைத்தால் உராய்வு 600 ஜூலை எடுத்துக்கொள்ளும். 5 மீட்டர் தள்ளினால் 750-ம் போய்விடும். மூட்டை வேகமே எடுக்காது, தள்ளிவிட்ட வேகத்திலேயே ஊர்ந்து இறங்கும்.

சரி, குணகம் தெரியாவிட்டால்? கீழே வரும்போது உள்ள வேகத்தை அளந்தால் போதும். அது நொடிக்கு 3 மீட்டர் என்றால் இயக்க ஆற்றல் 225 ஜூல். 750-ல் அது போக, 525 ஜூலை உராய்வு எடுத்திருக்கிறது.

அப்புறம், மலைப்பாதை. 10 டன் லாரி ஒன்று 1000 மீட்டர் உயரத்திலிருந்து சீரான வேகத்தில் இறங்கினால், 10 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் பிரேக் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்வது, அந்தச் சுமையில் ஒரு பங்கை இன்ஜினும் ஏற்கட்டும் என்பதற்காகத்தான். நன்றி, வணக்கம்.